நாய் மார்க் தட்டும் மைக்செட்காரர் கையெழுத்தும்

பழைய இசைத்தட்டுகள் விற்கும் சந்தையில் எது கண் மட்டத்தில் அடுக்கியிருக்கிறது, எது தரையில் கிடக்கிறது என்று பார்த்தால் போதும், இன்றைய சேகரிப்பாளர்களின் மனம் விளங்கிவிடும். முகப்பில் இளையராஜாவின் எல்.பி.க்கள். அடுத்து எம்.எஸ். விஸ்வநாதன். அப்புறம் கண்ணாடி உறையிட்ட சில அரக்குத் தட்டுகள்: தியாகராஜ பாகவதர், எம்.எஸ். சுப்புலட்சுமி, ஜி.என்.பி. மேசைக்கு அடியில் அட்டைப் பெட்டிகளில் மிச்சமெல்லாம் குவிந்திருக்கும். நாகஸ்வரம், கிளாரினெட், நாடக செட்டுகள், ஹாஸ்யம், தேவாரம், கட்சிப் பாட்டு, பெயரே கேள்விப்பட்டிராத ஸ்திரீ பார்ட்டுகள். மேல்தட்டில் உள்ளதன் ஐந்தில் ஒரு பங்கு விலைக்கு மொத்தப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு போகச் சொல்வார் கடைக்காரர். உள்ளூர் இசைக் கலைஞர்களைக் கொண்டாடுவதாகச் சொல்லும் ஒரு சந்தை, அந்தக் கலைஞர்களை மேசைக்கு அடியில்தான் வைத்திருக்கிறது.

இளையராஜா தட்டுகளின் விலைக்கு ஒரு நியாயம் உண்டு. 1976இல் ‘அன்னக்கிளி’ வந்தபோது படப்பாட்டு என்றால் இசைத்தட்டுதான். பத்தாண்டு கழித்து ‘ஹவ் டு நேம் இட்?’ வெளியானபோது காசெட் ஆட்சிக்கு வந்துவிட்டது. வினைல் அச்சடித்தது குறைவு. எண்பதுகளின் இன்ரிகோ, எக்கோ தட்டுகள் அரிதானது அதனால்தான். ஆனால் அரிது என்பதுதான் அளவுகோல் என்றால், காலடியில் உள்ள பெட்டியில் உலகத்திலேயே ஒன்றிரண்டு பிரதிகள் மட்டும் மிஞ்சிய தட்டுகள் கிடக்கக்கூடும். அவற்றை யாரும் தேடாததற்குக் காரணம், அப்படி ஒன்று வெளிவந்தது என்று சொல்லும் பட்டியலே கைக்கு எட்டாமல் இருப்பது.

இந்தியாவில் ஒலிப்பதிவு வணிகம் தொடங்கியது 1902இல். கிராமபோன் கம்பெனிக்காக ஃப்ரெட் கைஸ்பெர்க் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜானைப் பதிவு செய்தார். பதிவான மெழுகு ஜெர்மனியின் ஹானோவருக்குப் போய், அங்கே தட்டாக அச்சாகிக் கப்பலில் திரும்பி வந்தது. பாட்டு முடிந்ததும் பாடியவரே தன் பெயரைச் சொல்லும் வழக்கம், ஹானோவரில் லேபிள் ஒட்டுகிறவர்களுக்கு ஆள் அடையாளம் தெரிவதற்காக வந்தது என்பார்கள். 1908இல் கல்கத்தா சியால்டாவில் அச்சகம் வந்தபிறகுதான் தட்டு ஓரளவு மலிந்தது. இதற்குள் பதிவாளர்கள் தெற்கேயும் வந்துவிட்டார்கள். அவர்கள் முன் துணிந்து பாடியவர்கள் பெரும்பாலும் பெண்கள்: சேலம் கோதாவரி, காஞ்சிபுரம் தனகோடி அம்மாள், பெங்களூர் நாகரத்தினம்மாள், கோயம்புத்தூர் தாயி. எல்லாரும் தேவதாசி மரபினர். கச்சேரிக்குப் பணம் பேசிப் பாடிப் பழகியவர்களுக்குக் பதிவுக் குழாய் முன் பாடுவதும் ஒரு தொழில். ஆண் வித்வான்களில் பலர் அப்போது ஒதுங்கியே நின்றார்கள். எனவே தென்னிந்திய இசையின் முதல் ஒலி ஆவணம் என்று நம் கையில் இருப்பது, பிறகு சபாக்கள் ஓரங்கட்டிய ஒரு மரபின் குரல். இதைச் சந்தையில் எந்த விலைச்சீட்டும் சொல்வதில்லை.

தாயியின் தட்டுகள் பாரிஸ் வரை போயின. மோரிஸ் தெலாஜ் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர் அவற்றில் மயங்கி, அவர் பாடியதை அடியொற்றி ‘ராகமாலிகா’ என்றொரு படைப்பைக் குரலுக்கும் பியானோவுக்குமாக எழுதினார். மேற்கத்திய இசை வரலாற்று நூல்களில் தாயியின் பெயர் அடிக்குறிப்பாகவாவது வருகிறது. கோயம்புத்தூரில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும் என்பது வேறு கதை.

பாடியவர்களைப் பற்றிப் பேசும்போது பாடாதவர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை கடைசிவரை தட்டுக்குப் பாட மறுத்தார். 1934இல் அவர் போனபோது, லயத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை என்ற பேச்சு மட்டும் மிஞ்சியது. வீணை தனம்மாள் அறுபதைத் தாண்டிய பிறகு, 1932இல், கொலம்பியாவுக்கு வாசித்தார். அந்தச் சில தட்டுகளைக் கொண்டுதான் இன்று தனம்மாள் பாணி என்று நாம் ஏதோ சொல்ல முடிகிறது. நாகஸ்வரத்தில் செம்பொன்னார்கோயில் ராமசுவாமி பிள்ளை தட்டு யுகத்தின் தொடக்கத்திலேயே பதிவானவர். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி, கோயில் வீதியில் விடிய விடிய வாசிக்கப்பட்டது, சில நிமிடத் தட்டாக மலேயா வரை போனது. பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல். பன்னிரண்டு அங்குலம் என்றால் நாலு, நாலரை. அதற்குள் ராகத்தின் முகம் காட்ட வேண்டும். அவசரத்தில் சுருக்கினார்கள் என்று குறை சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. எதை விடலாம், எதை விடக்கூடாது என்று ஒரு மேதை முடிவு செய்ததைக் காட்டும் ஆவணம் இதைவிட வேறில்லை.

1925க்குப் பிறகு மைக் வைத்த மின்பதிவு வந்தது. முப்பதுகளில் தமிழ்த் தட்டு வணிகம் பொங்கியது. அதன் எஞ்சின் நாடக மேடைதான், சபா அல்ல. எஸ்.ஜி. கிட்டப்பா, கே.பி. சுந்தராம்பாள் ஜோடியின் பாட்டுகளைக் கேட்க நாடகக் கொட்டகைக்குப் போக வேண்டியதில்லை என்றானது. பல தட்டுகள் கொண்ட நாடக செட்டுகள், வள்ளி திருமணமோ கோவலனோ, வசனமும் பாட்டுமாக வீட்டுக்கே வந்தன. சென்னையில் ஜெர்மானிய ஓடியன் தட்டுகளை விற்க ஏ.வி. மெய்யப்பன் கூட்டாளிகளோடு தொடங்கிய சரஸ்வதி ஸ்டோர்ஸ், வெறும் விற்பனைக் கடையாக நிற்கவில்லை. யாரைப் பாடவைப்பது, எதைப் பதிவு செய்வது என்பதிலும் அதற்குக் கை இருந்தது. ஏவி.எம். என்ற சினிமா நிறுவனத்தின் வேர் இந்தத் தட்டுக் கடையில் இருக்கிறது. பாரதி பாடல்களை இசைத்தட்டாக்கும் உரிமையை ஒரு நகை வணிகர் வாங்கி வைத்திருந்ததும், அது மெய்யப்பச் செட்டியார் கைக்கு வந்ததும், 1949இல் பாரதி படைப்புகள் அரசுடைமையானதும் ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘பாரதி: கவிஞனும் காப்புரிமையும்’ நூலில் விரிவாக இருக்கிறது. ஒரு மகாகவியின் பாட்டு யாருக்குச் சொந்தம் என்ற வழக்கே கிராமபோன் தட்டால் கிளம்பியது.

கேட்கிறவர்களை ஏமாற்றும் ஒரு விஷயம் இங்கே உண்டு: வேகம். அரக்குத் தட்டுக்கு ‘செவன்டி எய்ட்’ என்று பெயர். நிமிடத்துக்கு 78 சுற்று. ஆனால் ஆரம்பகாலப் பதிவுகள் எல்லாம் அதே வேகத்தில் பதிவானவை அல்ல. எழுபத்து நாலில் பதிவானதை எழுபத்தெட்டில் ஓட்டினால் பாட்டு விறுவிறுப்பாகும், சுருதியும் ஏறும். வேகம் ஏறக்குறைய ஆறு சதவீதம் கூடினால் சுருதி அரைக்கட்டை உயரும். அந்தக் காலத்துப் பாடகர்கள் எட்டாத உச்சியில், மின்னல் வேகத்தில் பாடினார்கள் என்று நாம் வியப்பதில் ஒரு பங்கு மோட்டாருடையது. கிட்டப்பாவின் உச்ச சுருதிக்கு மேடையில் கேட்டவர்களின் சாட்சி இருக்கிறது. எனவே அவர் தப்பித்தார். சாட்சி இல்லாத சின்னப் பாடகிகளின் குரல் கீச்சென்று ஒலித்தால் அதை அவர்கள் தலையில் கட்டுவது அநியாயம். ஊசியிலும் இதே கதை. எல்.பி.க்கு உரிய மெல்லிய ஊசியை அரக்குத் தட்டில் வைத்தால் அது பள்ளத்தின் அடியில் கிடக்கும் தூசியைத்தான் பாடும். இந்த இரண்டையும் கவனிக்காமல் எண்மமாக்கி இணையத்தில் ஏற்றிய பாட்டுகள் ஏராளம்.

இந்தத் தட்டுகளைப் பற்றி எழுத்தில் என்ன நடந்திருக்கிறது? சு. தியடோர் பாஸ்கரன் 1981இல் வெளியிட்ட ‘தி மெசேஜ் பேரர்ஸ்’, நாடகம், தட்டு, சினிமா மூன்றையும் தேசிய அரசியலோடு சேர்த்துப் பார்த்தது. இன்றும் தொடங்க வேண்டிய இடம் அதுதான். ஸ்டீஃபன் ஹியூஸ் தமிழ்நாட்டின் கிராமபோன் வணிகத்தை ஆராய்ந்தார். அமாண்டா வைட்மன், குரல் என்ற கருத்தே தட்டால் எப்படி மாறியது என்று எழுதினார். மைக்கேல் கின்னியர் கிராமபோன் கம்பெனியின் முதல் இந்தியப் பதிவுகளுக்கு எண்வாரியாகப் பட்டியல் தயாரித்தார். வறண்ட புத்தகம்தான், ஆனால் இந்தத் துறையில் அதுபோல் உழைத்த புத்தகம் குறைவு. மும்பையில் 1990இல் தொடங்கிய இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கம், ‘தி ரெக்கார்டு நியூஸ்’ என்ற இதழை நடத்தியது. அதன் செயலாளர் சுரேஷ் சந்த்வன்கர் முயற்சியில், பிரிட்டிஷ் நூலகத்தின் அருகிவரும் ஆவணங்களுக்கான திட்டத்தின்கீழ் ஓடியன் தட்டுகள் பல எண்மமாயின. அவற்றில் சென்னைப் பதிவுகளும் சேர்த்தி. சென்னையில் நாட்டிய விமர்சகர் வி.ஏ.கே. ரங்கா ராவ், பல்லாயிரம் தட்டுகளைச் சேர்த்ததோடு நிற்காமல் அவற்றைப் போட்டுக்காட்டிப் பேசிப் பேசியே ஒரு தலைமுறைக்குக் காது கொடுத்தார். ரோஜா முத்தையா நூலகத்தில் இருக்கும் பாட்டுப் புத்தகங்கள் இன்னொரு புதையல்: தட்டு உடைந்துபோனாலும் வரி மிஞ்சும். இத்தனையும் இருந்தும், கின்னியர் செய்ததுபோல் 1930க்குப் பிந்தைய தமிழ்த் தட்டுகளுக்கு, கம்பெனிவாரியாக, தமிழிலேயே ஒரு முழுப் பட்டியல் புத்தகக் கடையில் கிடைப்பதில்லை. நம் ஆய்வாளர்கள் பாட்டின் பொருளைப் பற்றி எழுதுவதற்குக் காட்டும் ஆர்வத்தை லேபிளில் உள்ள எண்ணைக் குறித்துக்கொள்வதில் காட்டுவதில்லை. அது குமாஸ்தா வேலை என்ற நினைப்பு.

பட்டியல் இல்லாத இடத்தில் தட்டே சாட்சி. இந்தத் தட்டுகளில் பெரும்பகுதி பணக்கார வீட்டு அலமாரியிலிருந்து வந்தவை அல்ல என்பதைச் சந்தைக்கு வருகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். மைக்செட்காரர்களிடமிருந்து வந்தவை அவை. கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை, கட்சி மாநாடு எதுவானாலும் கூம்பு ஒலிபெருக்கியைப் புளியமரத்தில் கட்டி, விடிகாலையில் சீர்காழி கோவிந்தராஜன் குரலில் பிள்ளையார் பாட்டோடு தொடங்குவார்கள். பிறகு நாகூர் ஹனிபா, பிறகு புதுப்படம், இரவானால் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’, ‘திருவிளையாடல்’ வசனத் தட்டுகள். கல்யாண வீட்டுக்கு ஒரு வரிசை, சாவு வீட்டுக்கு ஒரு வரிசை. மாற்றிப் போட்டால் அடி விழும். தட்டு மாறிப் போகாமல் இருக்க ஒவ்வொன்றிலும் தங்கள் பெயரை எழுதினார்கள், முத்திரை குத்தினார்கள்: ஏதோ ஒரு சவுண்ட் சர்வீஸ், ஏதோ ஒரு ஊர். கிராமபோன் கம்பெனியின் நாய் மார்க் லேபிளின் மேல் ஊதா மசியில் கிடக்கும் அந்தக் கையெழுத்தைச் சேகரிப்பாளர்கள் கறையாகக் கருதுகிறார்கள். விலையில் பாதியைக் கழிக்கிறார்கள். சிலர் ஸ்பிரிட் போட்டுத் துடைத்தும்விடுகிறார்கள். எந்த ஊரில் எந்தப் பாட்டு ஓடியது, ஒரு நாகஸ்வரத் தட்டு தேய்ந்து வெளுக்கும்வரை எந்தத் தாலுகாவில் சுழன்றது என்பதற்கு வேறு எந்தத் தடயமும் கிடையாது. கம்பெனிகளின் விற்பனைக் கணக்கு எத்தனை தட்டு போனது என்று சொல்லும். யார் காதில் விழுந்தது என்று சொல்லாது. பளபளக்கும் தட்டு என்றால் யாரும் அதைக் கேட்கவில்லை என்றும் அர்த்தம் உண்டல்லவா?

சென்னையில் இப்படி ஊர் ஊராக வந்து சேர்ந்த தட்டுகள் குவிந்த இடம் சென்ட்ரல் அருகிலிருந்த மூர் மார்க்கெட். 1985 மே மாதத் தீயில் அந்தக் கட்டடம் போனது. தீயில் போனவற்றுக்குப் பட்டியல் இல்லை என்பதால் இழப்பையும் எண்ண முடியாது.

உள்ளூர் இசை என்றதும் இலங்கையை விட்டுவிட முடியாது. ஏ.ஈ. மனோகரனும் நித்தி கனகரத்தினமும் எழுபதுகளில் முன்னெடுத்த தமிழ்ப் பொப் பாட்டு, பைலா இசையின் தாளத்தில் யாழ்ப்பாணத்துப் பேச்சை ஏற்றிய ஓர் அசல் வகை. தமிழகத்துச் சினிமாவை நம்பாமல் தமிழில் எழுந்த வெகுசன இசை என்று பார்த்தால் அதற்கு இணை குறைவு. ‘சுராங்கனி’ கடல் தாண்டி ஊருக்கு ஊர் பாடப்பட்டது. மற்ற பாட்டுகளின் தட்டுகள், போரில் வீடுகளை விட்டு ஓடியவர்கள் எடுத்துச்செல்ல முடியாத சுமையாயின.

பழைய தட்டுகளை எண்மமாக்கச் சட்டம் இப்போது ஓரளவு சாதகம். இந்தியக் காப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். அரக்குத் தட்டுக் காலம் ஏறத்தாழ முழுவதுமே அந்த எல்லைக்கு வெளியே வந்துவிட்டது. எழுதியவர், இசையமைத்தவர் உரிமை தனிக் கணக்கு. ஆகவே பாட்டை எண்மமாக்கிப் பொதுவில் வைக்கத் தடை குறைவு. செய்கிறவர்களும் இருக்கிறார்கள். பாட்டை மட்டும் ஏற்றிவிட்டு, லேபிளின் படத்தையும் அதை ஒட்டித் தட்டிலேயே கீறியிருக்கும் மேட்ரிக்ஸ் எண் என்ற பதிவு எண்ணையும் விட்டுவிடுவதுதான் சங்கடம். அந்த எண் இல்லாமல் பதிவான காலத்தைக் கணிப்பது கடினம்.

எண்ணாலும் தீராத ஒன்று பக்கவாத்தியம். பழைய லேபிள்களில் பாடியவர் பெயர், ராகம், தாளம் எல்லாம் இருக்கும். வாசித்தவர் பெயர் பெரும்பாலும் இருக்காது. கிட்டப்பாவுக்கு ஆர்மோனியம் வாசித்த காசி ஐயர், அண்ணன் என்பதால் வரலாற்றில் நின்றார். மற்ற நாடகத் தட்டுகளின் ஆர்மோனியக்காரர்களும், மிருதங்கக்காரர்களும், தவில்காரர்களும் யார்? விரலின் பழக்கத்தைக் கேட்டே இன்னார் வாசிப்பு என்று சொல்லக்கூடிய முதிய வித்வான்களும் ரசிகர்களும் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களை உட்கார வைத்து, தட்டைப் போட்டு, சொல்வதை எழுதிக்கொள்வதுதான் வழி. அதற்கு ஒரு மேசை, ஒரு பிளேயர், ஒரு நோட்டு வேண்டும். முதல் இரண்டும் எல்லாச் சந்தையிலும் இருக்கின்றன.