சாறு குழந்தைக்கு, சதை நமக்கா?

குழந்தைகளுக்கான கறிச் சமையல் குறிப்புகள்: ஒரு மதிப்பீடு

சில வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் ஆட்டுக்கறி. எட்டு மாதக் குழந்தைக்காக என் தாயார் எலும்பும் சதையுமாகக் கொஞ்சம் எடுத்து வேகவைத்து, சாற்றை வடிகட்டிப் பாலாடையில் ஊட்டினார். வெந்த சதை மிளகுத்தூள் போட்டு வறுக்கப்பட்டு என் இலைக்கு வந்தது. "சத்தெல்லாம் சாற்றில் இறங்கிவிட்டது, நீ தின்பது வெறும் சக்கை" என்றார் அம்மா. அதே வாரத்தில் குழந்தையின் குருதியைச் சோதித்த மருத்துவர், 100 மி.லி. குருதியில் ஹீமோகுளோபின் 9.4 கிராம்தான் இருக்கிறது என்று சொல்லி, இரும்புச்சத்துச் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். "கறி கொடுக்கிறீர்களா?" என்று கேட்டார். "வாரந்தோறும்" என்றோம். அந்த விடை உண்மையா, பொய்யா என்ற ஐயம் வீடு வந்து சேர்ந்த பிறகுதான் எழுந்தது.

அதன் பிறகு, குழந்தைகளுக்குக் கறி சமைப்பது எப்படி என்று சொல்லும் குறிப்புகளைத் தேடிப் படித்தேன். வார இதழ்களில் வந்தவை, சமையல் நூல்களில் உள்ளவை, கைப்பேசியில் காட்டப்படுபவை எனப் பலவும் கிடைத்தன. எலும்பு சூப், கொத்துக்கறி உருண்டை, ஈரல் மசியல் ஆகிய மூன்றுமே திரும்பத் திரும்ப வந்தன. கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கும் எனக்குச் செய்முறைக் குறிப்பேடுகளைத் திருத்துவது அன்றாட வேலை. சமையல் குறிப்பும் ஒரு செய்முறைக் குறிப்பே அன்றோ? பொருள், அளவு, முறை, முடிவு என நான்கும் அதிலும் உண்டு. எனவே அதே சிவப்புப் பென்சிலோடு இவற்றையும் படித்தேன்.

முதலில் பாராட்டைச் சொல்லிவிடலாம். "பல் முளைக்காத குழந்தைக்குக் கறி எதற்கு?" என்ற பழைய தயக்கத்தை இக்குறிப்புகள் உடைக்கின்றன. அது நல்ல செயல். பிறக்கும்போது உடலில் சேமித்துக் கொண்டுவரும் இரும்பு, குழந்தைக்கு ஏறத்தாழ 6 மாதம் வரைதான் போதும். தாய்ப்பால் ஈடற்ற உணவு. ஆயினும் ஒரு லிட்டர் தாய்ப்பாலில் இரும்பு அரை மில்லிகிராம்கூட இல்லை. ஆகவேதான் உலக சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டி, 6 முதல் 23 மாதக் குழந்தைகளுக்குத் தாய்ப்பாலோடு இறைச்சி, மீன், முட்டை போன்றவற்றையும் நாள்தோறும் கொடுக்கச் சொல்கிறது. நம் நிலை என்ன? 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 6 மாதம் முதல் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் குருதிச் சோகை உள்ளோர் இந்தியாவில் 67.1 விழுக்காடு, தமிழ்நாட்டில் 57.4 விழுக்காடு. எனவே இக்குறிப்புகளில் நேரும் பிழைகளை அடுப்படிச் செய்தி என்று தள்ளிவிட முடியாது.

சாற்றில் இறங்குவது எது?

பெரும்பிழை சூப்பில்தான் இருக்கிறது. கறியை நீரில் வேகவைக்கும்போது சதையின் புரதங்கள் இறுகிச் சதையிலேயே தங்கிவிடுகின்றன. முட்டையின் வெள்ளைக்கரு வெந்தால் கெட்டியாவது போன்ற மாற்றமே இது. கறிக்குச் சிவப்பு நிறம் தரும் மயோகுளோபினில்தான் இரும்பின் பெரும்பகுதி இருக்கிறது. அதுவும் இறுகிச் சதையோடு நின்றுவிடுகிறது. சாற்றில் இறங்குபவை சில உப்புகள், மணமும் சுவையும் தரும் சிறு மூலக்கூறுகள், கொஞ்சம் கொழுப்பு, எலும்பிலிருந்தும் தசைநாரிலிருந்தும் வரும் ஜெலட்டின் ஆகியவையே. எலும்பின் சுண்ணாம்புச்சத்தோ வெறும் நீரில் மிகக் குறைவாகவே கரையும்.

ஜெலட்டினும் புரதம்தானே என்று கேட்கலாம். உடலுக்கு இன்றியமையாத டிரிப்டோஃபேன் என்னும் அமினோ அமிலம் அதில் இல்லை. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸ் நகரில் ஏழைகளுக்கும் மருத்துவமனை நோயாளிகளுக்கும் எலும்பு ஜெலட்டின் சூப் கொடுப்பதை டார்சே என்ற வேதியியலார் பரப்பினார். அது உணவாகுமா என்று ஆராய ஒரு குழு அமைந்தது. ஜெலட்டினை மட்டும் தின்ற நாய்கள் நலிந்தன. அது தனித்து உயிரைத் தாங்காது என்று மஜாந்தி 1841-இல் அறிக்கை அளித்தார்.

இத்தனைக்குப் பிறகும் சாற்றின் புகழ் மங்கவில்லை. மங்காமல் காத்தவர் சாதாரண மனிதரும் அல்லர். ஜெர்மனியின் பெரும் வேதியியல் அறிஞர் லீபிக். கறியின் சாரம் சாற்றில் உள்ளது என்ற கருத்தை அவர் 1847-இல் எழுதிய உணவு வேதியியல் நூல் பரப்பியது. 1865-இல் அவர் பெயரால் ஒரு நிறுவனம் தோன்றி, உருகுவே நாட்டின் ஃபிரே பென்டோஸ் நகரில் கறிச்சாற்றைச் சுண்டக் காய்ச்சி விற்றது. ஒரு கிலோ சாரம் எடுக்க ஏறத்தாழ 30 கிலோ கறி வேண்டியிருந்தது. அந்தச் சாரம் நல்ல சுவையூட்டி. ஊட்டம் தரும் உணவு என்ற பெயருக்கு அது தகுதியற்றது என்று பின்னர் தெளிவாயிற்று. அடுப்படியில் என் தாயார் சொன்னதையே லீபிக்கும் நூலில் எழுதினார். ஆகையால் அம்மாவை மட்டும் குறை சொல்வது முறையாகாது.

இன்னொரு கணக்கும் உண்டு. குழந்தையின் இரைப்பை அதன் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ 30 மி.லி. கொள்ளும். 8 கிலோ குழந்தைக்கு 240 மி.லி. தெளிந்த சூப் தாய்ப்பாலைவிடவும் ஆற்றல் குறைந்தது. அதை ஒரு கிண்ணம் ஊட்டினால், இருக்கும் சிறிய இடத்தையும் நீரால் நிரப்பிவிடுகிறோம்.

'வேகும் வரை' என்பது எவ்வளவு நேரம்?

அடுத்தது கொத்துக்கறி உருண்டை. நம் கோலா உருண்டையின் தம்பி என்று இதைச் சொல்லலாம். கறியை அரைப்பது மெல்லத் தெரியாத குழந்தைக்கு ஏற்றது; பொட்டுக்கடலை மாவு சேர்ப்பது சாற்றை ஈர்த்துப் பிடித்து உருண்டையை மெத்தென்று வைக்கிறது. இவ்வளவும் சரி. ஆனால் பெரும்பாலான குறிப்புகள் "நன்றாக வேகும் வரை வைத்து இறக்கவும்" என்று முடிகின்றன. சில "மூன்று விசில்" என்கின்றன. விசில் என்பது காலத்தின் அலகு அன்று. தீயின் அளவு, நீரின் அளவு, குக்கரின் அளவு மாறினால் அதுவும் மாறும்.

முழுத்துண்டுக் கறியில் கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பில் இருக்கும். அது முதலில் சூடாகிவிடும். கறியை அரைக்கும்போதோ மேற்பரப்பே உள்ளே போய்விடுகிறது. எனவே உருண்டையின் நடுப்பகுதியும் குறைந்தது 71 பாகை செல்சியஸை எட்ட வேண்டும். கோழிக்கறி என்றால் 74 பாகை. நிறத்தை நம்பக் கூடாது; அந்த வெப்பநிலைக்கு முன்பே கறி பழுத்துவிடுவதுண்டு. எண்ணெயில் பொரித்தால் ஏமாற்றம் இன்னும் பெரிது. மேலே பொன்னிறம் வந்த பிறகும் நடுவே பச்சையாக இருக்கலாம். அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் 1993-இல் சரியாக வேகாத மாட்டுக் கொத்துக்கறியால் 700-க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். குழந்தைகள் நால்வர் இறந்தனர்.

நேரத்தைக் கணக்கிடுவோம். சதையின் வெப்ப விரவல் எண் நொடிக்கு ஏறத்தாழ 0.0013 சதுர செ.மீ. 30 பாகையில் உள்ள உருண்டையைக் கொதிநீரில் இட்டால், 2 செ.மீ. குறுக்களவுள்ள உருண்டையின் நடுப்பகுதி 71 பாகையை எட்ட ஏறத்தாழ 2 நிமிடம் ஆகும். 4 செ.மீ. உருண்டைக்கு? 4 நிமிடம் என்றால் தவறு; 8 நிமிடம். நேரம் குறுக்களவின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்கிறது. இது குறைந்த அளவுக் கணக்கே. உருண்டைகளைப் போட்டதும் நீரின் கொதி அடங்கும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கறிக்கு இன்னும் நேரமாகும். ஆயினும் ஒன்று விளங்குகிறது: உருண்டையின் அளவைச் சொல்லாத குறிப்பு, நேரத்தையும் சொல்லாத குறிப்பே.

சமையலறை வெப்பமானி இருந்தால் நடுவில் குத்திப் பார்ப்பதே உறுதி. மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: ஆய்வகத்துப் பாதரச வெப்பமானியைச் சமையலறைக்குக் கொண்டுவர வேண்டா.

உருண்டை எனும் வடிவம்

படங்களில் குழந்தையின் தட்டில் முழு உருண்டைகள் அழகாக அமர்ந்திருக்கின்றன. எனக்கு அச்சம் தந்தது இதுதான். குழாய் ஒன்றை அடைக்க மிகப் பொருத்தமான வடிவம் எது? கோளம். எப்பக்கம் திரும்பினாலும் அதன் குறுக்குவெட்டு வட்டமே. குழந்தையின் மூச்சுக்குழல் அதன் சுண்டுவிரல் அளவே இருக்கும். ஆகவே உருண்டை என்பது வேகவைக்க வசதியான வடிவம். ஊட்டுவதற்கு அது ஏற்றதன்று. வெந்தபின் விரலால் நசுக்கி உதிர்த்தே கொடுக்க வேண்டும். குழந்தை நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். பெரியவர் ஒருவர் அருகில் இருக்க வேண்டும்.

உப்பைப் பற்றியும் ஒரு சொல். ஒரு வயது வரை குழந்தைக்கு நாள் முழுதும் 1 கிராம் உப்பே மிகுதி. பாலிலும் மற்ற உணவிலும் இயல்பாகவே உப்பு இருப்பதால் தனியே சேர்க்கத் தேவையில்லை. ஆயத்த மசாலாத் தூளிலும் சூப் கட்டியிலும் உப்பு மிகுதி; "சுவைக்கேற்ப" என்று எழுதும்போது அது யாருடைய சுவை என்று கேட்டுக்கொள்வது நல்லது.

ஈரல் மசியலுக்கு நல்ல மதிப்பெண் கொடுக்கலாம். இரும்பு அதில் மிகுதி. ஆயினும் உயிர்ச்சத்து ஏ அளவுக்கு மீறி உள்ளதால் வாரம் ஒருமுறைக்கு மேல் வேண்டா. இதைவிட, சோகைக்கு நம் ஊர்ப் பாட்டிமார் சொல்லும் சுவரொட்டியைப் பல குறிப்புகள் மறந்துவிட்டன. ஆட்டு மண்ணீரலான அதில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 40 மி.கி. இரும்பு உண்டு, வெறும் சதையிலோ 2 முதல் 3 மி.கி. மட்டுமே. சூப்பில் தவறிய பாட்டி வைத்தியம், இதில் வென்றிருக்கிறது.

திருத்திய குறிப்பு

குறை சொன்னவன் திருத்தியும் எழுத வேண்டும். எலும்பும் கொழுப்பும் நீக்கிய ஆட்டுக்கறி 100 கிராம், இருமுறை அரைக்கவும். பொட்டுக்கடலை மாவு ஒரு மேசைக்கரண்டி, சின்ன வெங்காயம் ஒன்று, சீரகத்தூள் ஒரு சிட்டிகை, உப்பு இல்லை. 2 செ.மீ. குறுக்களவில் பிடித்தால் ஏறத்தாழ 25 உருண்டை வரும். கொதிக்கும் நீரில் இட்டு, மீண்டும் கொதி வந்ததிலிருந்து 10 நிமிடம் வேகவைக்கவும். முதலில் மூன்று நான்கு உருண்டைகள் போதும். அவற்றை நசுக்கி, வெந்த நீரையே ஊற்றி, குழைந்த சோறும் பருப்பும் சேர்த்துக் கரண்டியிலிருந்து வழியாத பதத்தில் மசித்து, இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு ஊட்டவும். கறியின் இரும்பு எளிதில் உடலில் சேர்வதோடு, பருப்பின் இரும்பையும் சேரச் செய்கிறது. எலுமிச்சையும் அதற்குத் துணை. தேநீரில் நனைத்த பிஸ்கட்டை இதனோடு கொடுத்தால் அத்தனையும் கெடும். மீதியை உடனே குளிர்பெட்டியில் வைக்கவும். 32 பாகைக்கு மேற்பட்ட நம் கோடையில் வெளியே ஒரு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது.

கறி உண்ணாத வீடுகளில் முட்டையோ, பருப்பும் கீரையும் எலுமிச்சையுமோ இவ்விடத்தை ஓரளவு நிரப்பும். மருத்துவர் சொன்ன சொட்டு மருந்தையோ எந்த வீட்டிலும் நிறுத்தக் கூடாது. சோகை வந்தபின் அதைத் தீர்ப்பது மருந்து. மீண்டும் வராமல் காப்பது உணவு.

குழந்தைக்குக் கறிச் சமையல் எழுதுவோர் அளவையும் நேரத்தையும் வடிவத்தையும் மூன்று வரியில் எழுதினால் போதும், குறிப்பு நீண்டுவிடாது. எங்கள் வீட்டில் இப்போதும் ஞாயிறுதோறும் கறிதான். சாற்றை அம்மா கொட்டுவதில்லை. அதை ஊற்றித்தான் சதையை மசிக்கிறார். குழந்தைக்குப் போக மிஞ்சினால், அது என் இலைக்கு வருகிறது.