தலைக்கு மேலே ஒரு துணை

சுங்குவார்சத்திரத்தில் கார் ஏறினால் ஸ்ரீபெரும்புதூர், குன்றத்தூர், பல்லாவரம் தாண்டி மீனம்பாக்கம். அதுவரை வழி தெரியும். கம்பெனிப் பயிற்சிக்காக முதன்முதலாகக் கொரியாவுக்கோ தைவானுக்கோ கிளம்பும் நம்மூர்ப் பிள்ளைக்கு அதற்குப் பிறகுதான் திகைப்பு. நடுவே சிங்கப்பூரிலோ ஹாங்காங்கிலோ விமானம் மாற வேண்டும். கேட்க ஆளிருந்தாலும் பேச்சு சட்டென்று வராது.

அங்கே கைகொடுப்பது தலைக்கு மேலே தொங்கும் பலகை. எனக்கு அதன்மேல் தீராத மதிப்பு. 1967இல் ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிபோல் விமான நிலையத்துக்கு மஞ்சள் பலகைகளை வடிவமைத்தவர் பென்னோ விஸ்ஸிங். விமானத்துக்கு இட்டுச்செல்பவை மஞ்சள். மற்ற வசதிகளுக்கு அப்போது பச்சை. கடை விளக்குகள் எவ்வளவு மின்னினாலும் கண் மஞ்சளைத் தவறவிடாது. 1974இல் அமெரிக்கப் போக்குவரத்துத் துறைக்காக 34 படக்குறிகள் உருவாயின. பெட்டி, கழிப்பறை, தொலைபேசி என்று எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் அவை புரியும்.

நல்ல பலகை எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொட்டாது. முதலில் முனையம், பிறகு வாயில்களின் வரிசை, கடைசியில் ஒரே ஓர் எண். பாதை பிரியும் இடத்தில் மட்டும் பேசும். என்ன ஒரு அடக்கம்!

முதல் பயணம் போகிறவர்களே, விமானம் மாறும் ஊரில் ‘டிரான்ஸ்ஃபர்’ பலகையைப் பிடித்துக்கொண்டே நடங்கள். வாயில் எண் கடைசி நேரத்தில் மாறலாம். போர்டிங் பாஸோடு நின்றுவிடாமல் திரையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.