வெளுத்த பைபர் படகுக்கு எது வேண்டும்: பாட்டிலா, பஃபரா?

வெயிலில் கிடந்த பைபர் படகின் விளிம்பில் கட்டைவிரலை அழுத்தி இழுத்தால் சுண்ணாம்பு போல ஒரு பொடி ஒட்டும். நீலப் படகானால் வெளிர்நீலம், சிவப்பானால் இளஞ்சிவப்பு. அது அழுக்கல்ல, படகின் தோல். பைபர் படகின் வெளிப்புறம் முழுக்க ஜெல்கோட் என்னும் நிறமூட்டிய பாலியஸ்டர் ரெசின் பூச்சு இருக்கிறது. படகு கட்டும்போது அச்சுக்குள் முதலில் பூசப்படுவது அதுதான்; அதன்மேல்தான் கண்ணாடி இழைப் பாயையும் ரெசினையும் அடுக்குகிறார்கள். அச்சின் வழவழப்பை அப்படியே வாங்கிக்கொள்வதால் புதுப்படகு மின்னுகிறது. பிறகு வெயிலின் புற ஊதாக் கதிர் அந்த ரெசினை மேலிருந்து சிதைத்துக்கொண்டே வருகிறது. பிடிமானம் இழந்த நிறமித் துகள்கள் பொடியாகி மேலே நிற்கின்றன. உப்புக் காற்றின் மேல் பழி போடுவது வழக்கம். ஆனால் வெயில் நேராக விழும் மேல்தளமும் விளிம்பும்தான் முதலில் வெளுக்கின்றன, நிழல் படும் இடங்கள் அதே காற்றில் இருந்தும் நெடுநாள் தாங்குகின்றன. முதல் குற்றவாளி வெயில்தான்.

பளபளப்பை மீட்க எதை வாங்கலாம் என்று முடிவெடுக்கும் முன் ஒரு சோதனை செய்ய வேண்டும். சோப்பு போட்டுக் கழுவி, காயவிட்டு, வெளுத்த இடத்தில் ஈரத்துணியை ஒருமுறை ஓட்டுங்கள். ஈரம் இருக்கும்வரை பழைய நீலம் ஆழமாகத் தெரிந்து, காய்ந்ததும் மறுபடி வெளுத்தால் அந்தப் படகைக் காப்பாற்றலாம். பொடிந்த பரப்பில் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்கள் இருக்கின்றன. ஒளி அவற்றில் பட்டுச் சிதறுவதால்தான் வெள்ளையாகத் தெரிகிறது. தண்ணீர் பள்ளங்களை நிரப்பியதும் சிதறல் குறைந்து, அடியில் இருக்கும் நிறம் கண்ணுக்கு வருகிறது. ஆக, நிறம் எங்கும் போகவில்லை, பரப்பின் சமம்தான் போயிருக்கிறது. பளபளப்பு என்பது மேலே பூசிக் கொண்டுவரும் பொருளல்ல, பரப்பைச் சமமாக்கினால் தானே திரும்பும் குணம். சந்தையில் உள்ள சாதனங்களையும் திரவங்களையும் இந்த ஓர் அளவுகோலை வைத்தே மதிப்பிட வேண்டும்.

முதலில் பாட்டில். தேய்க்கவே வேண்டாம், பூசினால் போதும் என்று விற்கப்படுபவை பெரும்பாலும் தண்ணீர் போல ஓடும் அக்ரிலிக் திரவங்கள், வீட்டுத் தரைக்குப் போடும் பாலிஷின் உறவுக்காரர்கள். மெல்லிய துணியால் ஐந்தாறு கோட் இழுத்தால், கோட்டுக்குக் கோட் மினுமினுப்பு ஏறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். உழைப்பு குறைவு, பலன் அன்றைக்கே. ஆனால் ஈரத்துணி செய்த அதே வேலையைத்தான் இதுவும் செய்கிறது. காயாத தண்ணீர் என்று சொல்லலாம். பள்ளம் பள்ளமாகவே இருக்க, மேலே ஒரு படலம் நிற்கிறது. பொடியை முழுக்கத் தேய்த்தெடுக்காமல் பூசினால் படலம் ஜெல்கோட்டைப் பிடிக்காமல் பொடியைப் பிடித்துக்கொள்ளும். பிறகு நம் வெயிலில் அது மஞ்சளிப்பதும், ஓரம் பிய்ந்து செதில் செதிலாக உரிவதும் நடக்கும். உரிந்ததன் மேல் இன்னொரு கோட் போட்டால் திட்டு மறையாது. முழுப் படலத்தையும் ரசாயனம் ஊற்றிக் கரைத்தெடுத்து மறுபடி தொடங்க வேண்டும். தவிர்த்த உழைப்பு அங்கே வந்து சேர்கிறது.

தட்டைச் சுழற்றித் தேய்க்கும் ரோட்டரி பஃபர் வேறு ஜாதி. 180 மி.மீ. தட்டு வைத்த வழக்கமான இயந்திரங்கள் மூன்று கிலோ அளவில் எடை கொண்டவை. வேகத்தை நிமிடத்துக்குச் சுமார் 600 முதல் 3,000 சுற்று வரை மாற்றலாம். அந்த வேகத் திருகுதான் இதில் நாம் காசு கொடுத்து வாங்கும் முக்கிய உறுப்பு. ஜெல்கோட்டுக்கு 1,500 சுற்றைத் தாண்டத் தேவையில்லை. கம்பளிப் பேட், கொஞ்சம் ரப்பிங் காம்பவுண்ட், இரண்டடிக்கு இரண்டடி இடம் என்று எடுத்துக்கொண்டு, இயந்திரத்தின் எடையை மட்டும் பேட்டின் மேல் விட்டு நகர்த்தினால் போதும். முதல் சில இழுப்பில் பேட்டில் படகின் நிறம் ஏறும். அது செத்த ஜெல்கோட், வெளியேற வேண்டியது. பேட் பொடியால் கட்டி தட்டினால் தூரிகையால் சீவிவிட வேண்டும், இல்லாவிட்டால் வெட்டாமல் சூடேற்றும். இதே காரணத்தால் உச்சிவெயிலில் இந்த வேலை ஆகாது. காம்பவுண்ட் பரவும் முன்பே காய்ந்து ஒட்டிக்கொள்ளும். ஆழமாக வெளுத்த இடத்தில் காம்பவுண்ட் மட்டும் போதாது. 800 அல்லது 1,000 வாட்டர் பேப்பரில் தொடங்கி 2,000 வரை தண்ணீர் விட்டுத் தேய்த்து, அதன் பிறகே பஃபரைத் தொட வேண்டும். தட்டு சுழன்றபடி அசையும் டூயல் ஆக்‌ஷன் இயந்திரம் பாதுகாப்பானதுதான். ஆனால் வெட்டும் திறன் குறைவு, கடைசி மெருகுக்கே ஏற்றது. ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்: கையிலிருக்கும் நாலு அங்குல கிரைண்டரில் பேட்டை மாட்டி வேலையை முடிக்க நினைக்காதீர்கள். அது சுமார் 11,000 சுற்றில் ஓடுவது. ஜெல்கோட்டைக் கருக்கும், பேட் பிய்ந்து முகத்தில் அடிக்கவும் கூடும்.

தோலைச் சுரண்டி அழகு தேடுவது எப்படிச் சரியாகும் என்ற கேள்வி நியாயமானது. ஜெல்கோட் ஒருமுறைதான் கிடைக்கிறது. இங்கே அளவுகள் பேசட்டும். ஜெல்கோட்டின் கனம் பொதுவாக அரை மில்லிமீட்டர், அதாவது 500 மைக்ரான் அளவு. காரின் மேல்பூச்சான கிளியர்கோட் சுமார் 50 மைக்ரான்தான், அதையே ஆட்கள் பாலிஷ் போடுகிறார்கள். பி1000 வாட்டர் பேப்பரின் துகள் சராசரியாக 18 மைக்ரான், பி2000 தாளில் சுமார் 10. ஒரு சுற்று மெருகில் போவது மொத்தக் கனத்தில் சிறு பங்கு. அதிலும் பெரும்பகுதி ஏற்கெனவே பொடியாகி மழையில் கரைய இருந்ததுதான். ஆனால் இந்தக் கணக்கு தட்டையான பக்கத்துக்கு மட்டும் பொருந்தும். அணியத்தின் முனையிலும் விளிம்பு வளைவிலும் பஃபர் ஒரே கோட்டில் அழுந்துவதால், மெல்லிய ஜெல்கோட் நொடியில் தேய்ந்து அடியிலுள்ள இழை பழுப்பாக எட்டிப்பார்க்கும். அங்கெல்லாம் டேப் ஒட்டி மறைத்து, கையால் தேய்ப்பதே முறை.

2004 சுனாமிக்குப் பிறகு நம் கரைகளில் கட்டுமரங்கள் நின்ற இடத்தில் பெருமளவில் பைபர் படகுகள் வந்துவிட்டன. கடலுக்குப் போகும் படகுக்கு மினுக்கு எதற்கு என்று அவற்றை வைத்திருப்பவர்கள் கேட்கலாம். மினுக்கு தேவையில்லைதான். ஆனால் இழைக்கும் தண்ணீருக்கும் நடுவே நிற்கும் காப்பு ஜெல்கோட். பொடிந்த பரப்பு கறையைப் பிடிக்கும், கழுவக் கூடுதல் நேரம் கேட்கும், வெயிலுக்கு மேலும் மேலும் இடம் கொடுக்கும். மணலில் இழுபடும் அடிப்பாகத்துக்கு மெருகு வீண்; அங்கே கீறலை ஜெல்கோட்டால் அடைப்பதே வேலை. ஈரத்துணிச் சோதனையில் நிறம் திரும்பாத படகுக்கும், வெடிப்பு விழுந்த படகுக்கும் பஃபர் விடையல்ல. பட்டி பார்த்து, இரண்டு பகுதி பாலியூரித்தேன் பெயிண்ட் அடிப்பதுதான் வழி. மற்றபடி, ஒரு படகுக்காக இயந்திரம் வாங்குவது அதிகம் என்றால் கரையில் நாலு பேர் சேர்ந்து ஒன்றை வாங்கலாம். அதைச் சேர்த்துக் கணக்குப் போட்டாலும் என் ஓட்டு பஃபருக்கே. பாட்டிலை ஒரு சீசன் மட்டும் பார்வைக்கு நிற்க வேண்டிய உல்லாசப் படகுக்கு ஒதுக்கலாம், அதுவும் பொடியை முழுக்க எடுத்த பிறகு.

மெருகு முடிந்த அன்றே வேக்ஸ் போட்டுவிட வேண்டும். வேக்ஸ் பளபளப்பைக் கொண்டுவருவதில்லை. புதிதாகத் திறந்த பரப்பை அது மூடிக் காக்கிறது, சமமில்லாத பரப்பில் போட்டால் மங்கலாகவே நிற்கிறது. நம் வெயிலில் அது மாதக்கணக்கில்தான் நிற்கும். நாள்காட்டி பார்க்க வேண்டாம்: கழுவும்போது தண்ணீர் முத்து முத்தாக உருண்டால் வேக்ஸ் இருக்கிறது, தகடாகப் பரவி நின்றால் அடுத்த கோட்டுக்கு நேரம் வந்துவிட்டது.