பொதுக் கிணறும் தனித் தொட்டியும்: ஒரு நோட்டீசை வாசித்தல்

நம்ம சேரிகளில் அதிகம் பேர் கைக்குப் போய்ச் சேருகிற பிரதி எது? நாவல் இல்லை, கவிதை இல்லை, நாம் கடன் வாங்கி நடத்துகிற பத்திரிகையும் இல்லை. சட்டமன்ற உறுப்பினரின் சாதனை நோட்டீஸ்தான். தேர்தலுக்கு ஆறு மாசம் இருக்கும்போது வழவழப்பான தாளில் நாலு பக்கம் அடித்து வீட்டுக்கு வீடு போட்டுவிட்டுப் போகிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாத கிழவிகூட பேத்தியை வாசிக்கச் சொல்லிக் கேட்கிறாள், தன் தெருப்பேர் அதுல வருதான்னு. இவ்வளவு வாசகர்கள் இருக்கிற ஒரு பிரதியை நம் விமர்சகர்கள் சீண்டுவதே இல்லை. அழகியல் இல்லையாம். யாருடைய அழகியல் என்று பத்து வருஷம் சண்டை போட்டவர்கள் நாம். அந்தச் சண்டையை இந்த நாலு பக்கத்தோடும் போட வேண்டியிருக்கிறது.

தொப்பூர்ப் பக்கத்து ஊர்களில் பல வருஷமாகச் சேர்த்து வைத்த நோட்டீசுகள் சில என்னிடம் இருக்கின்றன. எந்தக் கட்சி, எந்தத் தொகுதி என்பது வேண்டாம். பக்கத்துல பக்கத்துல வைச்சுப் பார்த்தால் போட்டோவும் கொடி நிறமும்தான் மாறுது, வாசகம் மாறவில்லை. தார்ச்சாலை, தெருவிளக்கு, வரிச்சலுகை, சமுதாயக்கூடம், கடைசிப் பக்கத்தில் தலைவர்களுக்கு மாலை போடும் படங்கள். இதுதான் ஒரு மக்கள் பிரதிநிதியின் முன்னுரிமை வரிசை.

அதன் இலக்கணத்தைப் பாருங்கள். எழுவாய் எப்போதும் ஒருவரே: ‘அண்ணன் அவர்கள்’. பயனிலையும் ஒன்றே: ‘பெற்றுத் தந்தார்’. நாம் எங்கே வருகிறோம்? நான்காம் வேற்றுமையில். காலனிக்கு, ஆதிதிராவிடர்களுக்கு, ஏழை எளியவர்களுக்கு. எம்.ஏ. வகுப்பில் வேற்றுமை மனப்பாடம் பண்ணியபோது இது எனக்கு உறைக்கவில்லை. கொடைக்கும் அந்த ‘கு’ உருபுதான், பகைக்கும் அதே ‘கு’தான். வாங்குகிறவர்களாக மட்டுமே நம்மை எழுதும் இந்த மொழி எப்போது வந்தது? ஏனென்றால் சட்டமன்றத்தில் நம் ஆட்கள் முதலில் பேசிய மொழி இது அல்ல.

1922-இல் சென்னை சட்டசபையில் எம்.சி. ராஜா ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பறையர், பஞ்சமர் என்கிற சொற்களை அரசுப் பதிவுகளிலிருந்து எடுத்துவிட்டு ஆதிதிராவிடர், ஆதிஆந்திரர் என்று எழுத வேண்டும் என்பது அது. அரசு ஏற்றுக்கொண்டது. 1923-இல் நியமன உறுப்பினராக அதே சபைக்கு வந்த ரெட்டமலை சீனிவாசன் வேறொன்றைக் கேட்டார். 1924 ஆகஸ்டில் அவர் கொண்டுவந்த தீர்மானத்தின் சாரம் இதுதான்: பொதுச் சாலையில், தெருவில், பாதையில் நடக்கவும், பொதுக் கிணற்றையும் குளத்தையும் அரசு அலுவலகங்களையும் பயன்படுத்தவும், சாதி இந்துக்களுக்கு உள்ள அதே அளவு உரிமை தாழ்த்தப்பட்டவர்களுக்கும் உண்டு. அந்தச் செப்டம்பரில் அரசாணை வந்தது.

இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். முதலாவது பேர். இரண்டாவது பொது. பேர் மாற்ற கஜானாவில் ஒரு பைசா குறையாது; எவன் வீட்டுத் திண்ணையும் இடிபடாது. பொதுக் கிணற்றில் கயிறு விடுவது அப்படியில்லை. அங்கே ஊர் புரண்டு படுக்க வேண்டும். முதல் கோரிக்கை ஏட்டில் உடனே நிறைவேறியதற்கும், இரண்டாவது இன்றுவரை இழுத்துக்கொண்டிருப்பதற்கும் வேறு காரணம் தேட வேண்டாம். (‘பறையன்’ என்றே பேர் வைத்து 1893-இல் பத்திரிகை தொடங்கியவர் சீனிவாசன் என்பதையும் சேர்த்து யோசிக்கணும். பேர் பற்றி நம் முன்னோர்களுக்குள்ளேயே ஒரே கருத்து இருந்ததில்லை.)

சீனிவாசன் 1939-இல் எழுதிய ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ சிறிய நூல். தன்வரலாறு என்றாலே மனசைத் திறந்து காட்டணும் என்று எதிர்பார்க்கிறவர்களுக்கு அது ஏமாற்றமாகத்தான் இருக்கும். மனு, தீர்மானம், சபை, மாநாடு என்று போகிறது. அந்த வறட்சியைக் குறையாக நான் பார்க்கவில்லை. பிடுங்கப்பட்டதைத் திரும்பக் கேட்கிறவன் பத்திரம் எழுதுகிற மாதிரிதான் எழுதுவான். அதில் நன்றி இல்லை, கும்பிடு இல்லை. நோட்டீசையும் இந்த நூலையும் ஒரே மாலையில் படித்தால் நூறு வருஷத்தில் நம் அரசியல் மொழி எங்கே சறுக்கியது என்பது தெரியும்.

இப்போது செலவுக் கணக்குக்கு வருவோம். நோட்டீசில் பெருமையோடு போடுகிற இரண்டு வேலைகள்: காலனிக்கு மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி, காலனி சுடுகாட்டுக்கு மேற்கூரை. நமக்குத் தண்ணீர் வேண்டாமா, வேணும். மழையில் பிணம் நனையலாமா, கூடாது. ஆனால் 1924-இல் கேட்டது இருக்கிற கிணற்றில் பங்கு. நூறு வருஷமாக அரசு தந்துகொண்டிருப்பது தனிக் கிணறு, தனிக் குழாய், தனித் தொட்டி, தனி மயானம். தீண்டாமையை ஒழிக்க ஒதுக்கிய பணத்திலேயே தீண்டாமைக்கு சிமெண்ட் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். ஊர்த்தெரு வழியாகப் பாடை போகக் கூடாது என்றால், போக வழி செய்வதில்லை. சுற்றுப்பாதைக்கு எஸ்டிமேட் போடுகிறார்கள். ரெண்டு பேருக்கும் மனவருத்தம் இல்லை, ஒப்பந்தக்காரருக்கு ஒரு வேலை, நோட்டீசுக்கு ஒரு வரி.

அந்தத் தனித் தொட்டி எந்தப் பாதுகாப்பைத் தந்தது? 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் தொட்டியில் மலம் கலந்திருந்தது. இரண்டு வருஷம் கழித்து, 2025 ஜனவரியில், சி.பி.சி.ஐ.டி. போலீஸ் அந்த மக்களிலேயே மூன்று பேர் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. தலித் இயக்கங்கள் பலவும் அதை ஏற்கவில்லை. வழக்கு எப்படிப் போனாலும், தெருவுக்கு ஒரு தொட்டி என்று பிரித்துக் கட்டாமல் ஊருக்கே ஒரு தொட்டி இருந்திருந்தால் எந்தக் கை அதில் மலத்தைப் போடத் துணியும்? பொது என்பதன் பாதுகாப்பு அதுதான்.

மாற்று முயற்சியே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1997-இல் அறிவித்த பெரியார் நினைவு சமத்துவபுரங்களில் எல்லாச் சாதிக்கும் ஒரே குடியிருப்பு, ஒரே மயானம் என்று வகுத்தார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் ஊருக்கு வெளியே புது ஊர் கட்டினார்கள். பழைய ஊர் பழையபடியே இருந்தது. 2021-இல் பொது மயானம் வைத்திருக்கும் ஊர்களுக்கு 10 லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை என்று சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். தீண்டாமை குற்றம் என்று அரசியல் சட்டத்தின் 17-ஆம் பிரிவு சொல்லி எழுபது வருஷம் ஆனபிறகு, குற்றம் செய்யாததற்குப் பரிசு!

மின்சாரம் இன்னும் வேடிக்கை. தொப்பூரிலிருந்து மேற்கே போகிற ரோடு மேட்டூருக்குத்தான் போகிறது. 1934-இல் அணை, 1937-இல் நீர்மின்சாரம், 1987-இலிருந்து அனல்மின்சாரம். இவ்வளவு பக்கத்தில் கரண்ட் உற்பத்தி ஆகிற ஊர்களில் அது யாருக்கு எவ்வளவு வந்தது? 1979-இல் குடிசைக்கு ஒரு விளக்கு என்று திட்டம் போட்டார்கள். 1990-இல் விவசாய பம்புசெட்டுகளுக்கு முழு இலவசம் வந்தது; இன்றைக்கு அந்த இணைப்புகள் 20 லட்சத்துக்கு மேல். 2016-இலிருந்து வீடுகளுக்கு 100 யூனிட் இலவசம்.

எல்லாமே இலவசம் என்கிற ஒரே வார்த்தைக்குள் வருகின்றன. ஆனால் ஒன்று ஒற்றைக் குண்டு பல்பு, இன்னொன்று குதிரைத்திறன் கணக்கில் ஓடும் மோட்டார். மோட்டார் வேண்டுமென்றால் கிணறு வேண்டும், கிணறு வேண்டுமென்றால் நிலம் வேண்டும். 1892 அரசாணையின்படி நமக்கு ஒதுக்கிய பஞ்சமி நிலம் 12 லட்சம் ஏக்கர் என்று சொல்கிறோம். அதில் காரணை நிலத்தைக் கேட்ட போராட்டத்தில்தான் 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கியால் ஜான் தாமசும் ஏழுமலையும் செத்தார்கள். நிலத்தைத் திருப்பித் தராமல் மின்சாரத்தை மட்டும் இலவசமாக்கினால் அது நிலம் வைத்திருப்பவனுக்குத்தான் போகும். தர்மபுரி மானாவாரிக் காட்டில் ஆயிரம் அடி போர் போட்டுக் கடனாளியாகிற சிறுவிவசாயி மேல் எனக்கு ஆத்திரம் இல்லை, அவனும் நசுங்கியவன்தான். அவன் மோட்டாரை நிறுத்தச் சொல்லவில்லை. மோட்டார் இல்லாதவனுக்கு என்ன என்று எந்த நோட்டீசும் கேட்கவில்லை என்கிறேன்.

வரி பற்றிப் பேசும்போது ஆட்சியாளர்களுக்குச் சங்க இலக்கியம் ஞாபகம் வந்துவிடும். 2019 ஜூலையில் ஒன்றிய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் பட்ஜெட் உரையில் பிசிராந்தையாரின் புறநானூற்றுப் பாட்டைச் சொன்னார். விளைந்ததை அறுத்துக் கவளமாகக் கொடுத்தால் சிறு நிலமும் யானைக்குப் பல நாள் வரும், யானையே வயலுக்குள் புகுந்தால் தின்பதைவிட மிதிபடுவது அதிகம் என்கிற பாட்டு. வகுப்பில் இதை எல்லோரும் ரசித்தோம். ரசிக்கத்தக்க பாட்டும்தான். ஆனால் அதில் ராஜா இருக்கிறான், யானை இருக்கிறது, வயல் இருக்கிறது. வயலில் குனிந்து அறுத்த ஆள் எங்கே? கவளம் உருட்டிய கை யாருடையது? வரியைப் பற்றிய நம் மரபின் சிறந்த பாட்டே நிலமுடையவனின் கவலையாகத்தான் இருக்கிறது.

நிலம் இல்லாதவனிடம் வரி வாங்கும் வழியை இந்தக் காலம் கண்டுபிடித்துவிட்டது. 2003-இலிருந்து சில்லறை மது விற்பனை முழுவதும் டாஸ்மாக் கையில். 2024-25-இல் அதன்மூலம் வந்த வருமானம் 48 ஆயிரம் கோடிக்கு மேல். கட்டட வேலைக்குப் பெங்களூருக்கும் பனியன் கம்பெனிக்குத் திருப்பூருக்கும் போகிற எங்கூர் ஆள் சனிக்கிழமை சாயங்காலம் அரசாங்கத்துக்குக் கட்டுகிற வரி இது. தொப்பூர்ப் பக்கத்துச் சுங்கச்சாவடியில் கார்க்காரன் ரசீது வாங்குகிறான். பஸ்ஸில் போகிறவனுக்கு அது டிக்கெட்டுக்குள்ளேயே ஏறி உட்கார்ந்திருக்கிறது. நோட்டீசில் ‘வரிச்சலுகை’ என்ற தலைப்பின் கீழ் வருகிற யாரும் இந்த இருவரும் அல்ல. அங்கே வருவது வணிகர்கள், கட்டட உரிமையாளர்கள். நாம் வரி கட்டுகிறவர்களாகவே எழுதப்படுவதில்லை, சலுகை பெறுகிறவர்களாக மட்டும். கட்டுகிறோம் என்று ஒருமுறை எழுதிவிட்டால் ‘பெற்றுத் தந்தார்’ என்ற வினைமுற்று நொறுங்கிப் போகும்.

மாலை போடும் கடைசிப் பக்கம் பாக்கி. ஏப்ரல் 14 சமத்துவ நாள் என்று 2022-இல் அறிவித்தார்கள். 2025 ஏப்ரலில், ‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். இதை நான் வரவேற்கிறேன். மனுவில் விலாசம் எழுதும்போதே சாதி தெரிந்துபோகிற அவமானத்தை அனுபவித்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஆனாலும் இந்த மாவட்டத்துக்காரனுக்கு வேறொன்றும் ஞாபகம் வரும். 2012 நவம்பர் 7-ஆம் தேதி நாய்க்கன்கொட்டாய்ப் பக்கம் நத்தம் காலனி, அண்ணாநகர், கொண்டம்பட்டி மூன்றிலும் 250-க்கு மேற்பட்ட வீடுகளைக் கொள்ளையடித்துக் கொளுத்தினார்கள். ஒன்றின் பேரில் காலனி இருந்தது. இன்னொன்றின் பேரில் அண்ணா இருந்தார். நெருப்புக்குப் பேர் வித்தியாசம் தெரியவில்லை. 1922-இல் எம்.சி. ராஜா தொடங்கியது 2025-இல் இன்னொரு படி ஏறியிருக்கிறது. 1924-இல் சீனிவாசன் தொடங்கியது ஏறவில்லை.

இதை ஏன் நம் உறுப்பினர்கள் சபையில் கேட்பதில்லை என்று இளைஞர்கள் கோபப்படுகிறார்கள். தர்மபுரி மாவட்டத்தில் தனித்தொகுதி அரூர் ஒன்றுதான். தனித்தொகுதியிலும் ஜெயிக்க வைக்கிற ஓட்டு ஊர்த்தெருவில்தான் அதிகம் இருக்கிறது. 1932 செப்டம்பரில் பூனா ஒப்பந்தத்தில் நாம் இழந்தது இதைத்தான். தனித்தொட்டி வேண்டாம், ஊர்த்தொட்டியில் இணைப்புக் கொடு என்று கேட்கிற உறுப்பினர் அடுத்த தடவை டிக்கெட்டே வாங்க முடியாது. ஆக மேற்கூரை கேட்கிறார், வாங்கியும் தருகிறார். ஆளைத் திட்டிப் பிரயோசனம் இல்லை.

2024-இல் தமிழ்நாடு அரசு ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டத்துக்கென்று சட்டம் இயற்றியது. 1979-80-இல் சிறப்புக் கூறுத் திட்டமாகத் தொடங்கி, வெறும் நிர்வாக ஏற்பாடாகவே இருந்த ஒதுக்கீட்டுக்கு இப்போது சட்ட பலம் வந்திருக்கிறது. மக்கள் தொகையில் 20 சதவீதமான நமக்கு அந்த அளவு பணம். இதற்காக இயக்கங்கள் பல வருஷம் கத்தியிருக்கின்றன, பெரிய விஷயம். ஆனால் அந்தப் பணத்தில் என்ன வாங்கப் போகிறோம் என்று சட்டத்தின் பேரை வைத்தே சொல்லிவிட முடியாது. பஞ்சமி நிலத்தை மீட்க ஒரு ரூபாய், பொதுத் தொட்டிக்குக் குழாய் இழுக்க ஒரு ரூபாய் என்று கேட்காவிட்டால் இன்னும் ஆயிரம் சுற்றுப்பாதை போடுவார்கள். போட்டுவிட்டு 20 சதவீதமும் செலவழிந்தது என்று கணக்கும் காட்டுவார்கள்.

தமிழ் படிக்கிற மாணவத் தோழர்களிடம் ஒன்று கேட்கிறேன். 1921 முதலான சட்டசபை நடவடிக்கைக் குறிப்புகள் புத்தகங்களாக இருக்கின்றன. எம்.சி. ராஜா, சீனிவாசன் காலத்திலிருந்து நேற்றைய மானியக் கோரிக்கை விவாதம் வரைக்கும் நம் உறுப்பினர்கள் பேசியதைப் பிரதியாக எடுத்து, எந்த வருஷத்தில் ‘உரிமை’ போய் ‘வழங்க வேண்டும்’ வந்தது என்று வினைச்சொற்களை எண்ணிப் பாருங்கள். ஆய்வேட்டுக்குத் தலைப்புக் கிடைக்காமல் திண்டாடுகிறவர்கள் இதை எடுத்துக்கொள்ளலாம்.