இரண்டாமவர்களுக்கும் நீதி வேண்டும்

அரபுத் திறனாய்வாளர் கதையின் தலைமைப் பாத்திரத்தை 'ஷக்ஸிய்யா ரஈஸிய்யா' என்றும், துணைப் பாத்திரத்தை 'ஷக்ஸிய்யா ஸானவிய்யா' என்றும் வழங்குவர். ஸானவிய்யா என்பது இரண்டாம் நிலையைக் குறிக்குமேயன்றி, பொருட்படுத்தத் தகாததைக் குறிக்காது. இளையோருக்கான புதினங்களை மதிப்பிடும்போது இவ்வேறுபாடு நமக்கு இன்றியமையாதது. இளம் வாசகர் தலைமைப் பாத்திரத்தில் தம்மைக் காண்கிறார்; பிறரை எவ்வாறு காண்பது என்பதையோ துணைப் பாத்திரங்கள் வழியாகவே கற்கிறார்.

இந்நோக்கில் ஆராயத்தக்க ஒரு நூல், ரன்தா அப்துல் ஃபத்தாஹ் எழுதி 2005இல் ஆஸ்திரேலியாவில் வெளிவந்த 'டஸ் மை ஹெட் லுக் பிக் இன் திஸ்?' என்னும் ஆங்கிலப் புதினம். ஆசிரியை பாலஸ்தீனத் தந்தைக்கும் எகிப்தியத் தாய்க்கும் பிறந்தவர். கதைத்தலைவி அமல், மெல்பர்னில் வாழும் பதினாறு வயது மாணவி. முழுநேரமும் ஹிஜாப் அணிவதென அவள் தானாகவே முடிவெடுக்கிறாள். மார்க்கப் பற்றுள்ள பெற்றோரே முதலில் தயங்குகின்றனர். மகள் வெளியுலகில் படப்போகும் இன்னல்களை எண்ணி அவர்கள் அஞ்சுகின்றனர். ஹிஜாப் குடும்பத்தின் கட்டாயம் என்னும் பொதுக் கருத்தை இத்தயக்கம் ஒன்றே தகர்த்துவிடுகிறது. 2002ஆம் ஆண்டின் பாலி குண்டுவெடிப்புக்குப் பின், அது குறித்து முஸ்லிம் என்ற முறையில் பேசுமாறு பள்ளியில் கேட்கப்படும்போது அமல் மறுக்கிறாள். யாரோ செய்த கொடுமைக்கு விளக்கம் தரும் கடமை தன்னுடையதன்று என்பதே அவள் நிலைப்பாடு.

எனினும் புதினத்தின் உண்மையான வலிமை அமலிடத்தில் இல்லை. அவள் தோழி லைலாவின் தாயிடத்தில் இருக்கிறது என்பதே நம் கருத்து. துருக்கியப் பின்னணியைச் சேர்ந்த அத்தாய், படிக்க விரும்பும் மகளை விரைவில் மணமுடித்துவிடத் துடிக்கிறார்; மகனுக்கோ தடையேதும் இல்லை. ஊர் வழக்கம் வேறு, ஷரீஅத் வேறு என்பதை லைலா அறிந்திருக்கிறாள், தாய் அறியவில்லை. லைலா வீட்டைவிட்டு வெளியேறியபின், அதுவரை கொடியவராகத் தோன்றிய தாய், தாம் வளர்ந்த வழக்கங்களுக்கு அப்பால் எதையும் காண வாய்ப்பில்லாத, துயருற்ற ஒரு பெண்ணாக நம்முன் நிற்கிறார். அவர் செயலை ஆசிரியை நியாயப்படுத்தவில்லை. ஆயினும் அவரை வெறுப்புக்கு இரையாக்கவுமில்லை. அண்டை வீட்டுக் கிரேக்க மூதாட்டியான திருமதி வசெல்லியும் அவ்வாறே. மகன் வேறு கிறிஸ்தவப் பிரிவில் சேர்ந்ததால் அவனோடு உறவை முறித்துக்கொண்ட அம்மூதாட்டியை, மகனோடு மீண்டும் பேசுமாறு அமல் தூண்டுகிறாள். மார்க்கத்தால் உறவு முறியும் வேதனை முஸ்லிம் வீட்டுக்கு மட்டும் உரியதன்று என்பதை வாசகர் இங்கு உணர்கிறார்.

ஆனால் இந்நீதி எல்லோருக்கும் கிட்டவில்லை. தம் முஸ்லிம் பெயர்களை விடுத்து ஜோ, மேண்டி என்று அழைத்துக்கொள்ளும் அமலின் மாமாவும் மாமியும் நகைப்புக்கே பயன்படுகின்றனர். அவர்களைப் பெயர் மாற்றத் தூண்டிய அச்சம் எது? அமலின் பெற்றோரைத் தயங்கவைத்த அதே அச்சமாகவும் அது இருக்கலாமன்றோ? நூல் இக்கேள்விக்குள் புகவில்லை. அமலைவிடப் பெருந்துன்பம் சுமந்த லைலாவின் தனிமையும் அமலின் தன்மைக் கூற்று வழியாகவே நமக்கு எட்டுகிறது.

நம் சிறார்க்கென எழுதப்படும் கதைகளில் இக்குறை இன்னும் மிகுதி. நல்ல பிள்ளைக்கு எதிராக ஒரு கெட்ட பிள்ளை, இருவருக்கும் அறிவுரை கூற ஒரு பெரியவர் என்ற அமைப்பைத் தாண்டுவன அவற்றில் சிலவே. இத்தனைக்கும், அழகிய வரலாறு என்று இறைமறையே சிறப்பித்த யூசுஃப் நபியின் வரலாறு நம் கையில் இருக்கிறது. கிணற்றில் எறிந்த சகோதரர்கள் அதில் தம் பிழையை ஏற்று மன்னிப்பு வேண்டுகின்றனர். அஜீஸின் மனைவி உண்மையைத் தன் வாயாலேயே கூறுகிறாள். தீங்கிழைத்தவர் திருந்தவும் பேசவும் அங்கே இடமுண்டு. இளையோருக்கு எழுத முனைவோர் தம் துணைப் பாத்திரங்களுக்கும் அந்த இடத்தை வழங்கவேண்டும் என்பதே நாம் வேண்டுவது.