கறுப்பும் காரமும்

'கறுப்பா இருந்தா காரமா இருக்கும்.' சுருட்டு பிடிப்பவர்களிடம் உறைந்துபோன வாசிப்பு இது. 'மதுரோ' எனப்படும் கரும்சுருட்டில் இந்த வாசிப்பு செல்லாது. ஸ்பானியத்தில் 'மதுரோ' என்றால் 'பழுத்தது'. மேலுறை இலையைக் குவித்து, சூட்டில் நெடுநாள் புழுங்கவிடுவதால் வரும் நிறம். அது நாக்குக்குத் தருவது பெரும்பாலும் மெல்லிய இனிப்பை. காரம் உள்ளே இருக்கிறது, செடியின் உச்சியில் வெயில் குடித்த 'லிஹேரோ' இலையில். வேடிக்கை என்னன்னா, 'லிஹேரோ' என்றால் 'லேசானது'. குறிப்பானும் குறிப்பீடும் இங்கே ஒன்றையொன்று பொய்யாக்குகின்றன.

1992இல் தொடங்கிய அமெரிக்க இதழ் 'சிகார் அஃபிசியனாடோ' சுருட்டுகளுக்கு நூற்றுக்கு இவ்வளவு என்று மதிப்பெண் போடுகிறது. பெயர்ப்பட்டையை அகற்றிய பிறகே சுவைப்பவரிடம் தருகிறார்கள். பட்டையை அகற்றலாம், சரி. மேலுறையின் நிறத்தை என்ன செய்வது? நாக்குக்கு முன்பே கண் தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. மனிதத் தோலையும் நாம் இப்படித்தானே வாசிச்சுப் பழகியிருக்கோம்?

சுவைக்குறிப்புகளில் கோகோ, காபி, மிளகு எல்லாம் வருகின்றன. உருட்டிய கையோ 'கட்டமைப்பு' என்ற சொல்லுக்குள் மறைந்துபோகிறது. புகை தடையில்லாமல் வருவதும், நெருப்பு ஒருபக்கம் ஓடாமல் சீராக இறங்குவதும் அந்தக் கையின் எழுத்து. ஹவானா ஆலைகளில் உருட்டுபவர்களுக்கு நாளிதழும் நாவலும் உரக்க வாசிக்கும் வழக்கம் 1865இல் தொடங்கியது. அவர்கள் விரும்பிக் கேட்ட டூமாவின் நாவலிலிருந்தே 'மான்டெகிரிஸ்டோ' சுருட்டுக்குப் பெயர் வந்தது என்பார்கள். கேட்டுக்கொண்டே எழுதிய அந்தக் கைகளிலிருந்து மதிப்பீட்டைத் தொடங்கணும். நிறத்தைக் கடைசியில் பார்த்துக்கலாம்.