அமில்தார் ஆட்சி: ஒரு திறனாய்வு

வெற்றிபெற்ற படை ஒரு நாட்டைக் கைக்கொள்வது ஒரு செயல்; அந்நாட்டை ஆள்வது பிறிதொரு செயல். முன்னதற்குப் படைவலி போதும். பின்னதற்கோ தக்காரைத் தக்க இடத்தில் அமர்த்தும் அறிவு வேண்டும். இவ்வறிவின் அருமையை உணர்ந்தே வள்ளுவர், ‘தெரிந்து தெளிதல்’, ‘தெரிந்து வினையாடல்’ என இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வகுத்தார். அவ்விரண்டிற்கும் இலங்கை வரலாற்றிலிருந்து உரை காண விரும்புவோர், 1796 முதல் 1798 வரை நிகழ்ந்த கரையோர ஆட்சியை நோக்குதல் தகும்.

வகுப்பறை வரலாறு அக்காலத்தைச் சுருங்கச் சொல்லி முடித்துவிடுகின்றது: சென்னையிலிருந்து வந்த அமில்தார்கள் தென்னைக்கு வரி கேட்டனர், மக்கள் கிளர்ந்தெழுந்தனர். இக்கூற்றுப் பொய்யன்று, ஆயினும் குறையுடையது. வரியைக் காட்டுகின்றதேயன்றி, வரி வாங்க வந்தவர் எவ்வாறு தெரியப்பட்டனர் என்பதைக் காட்டுகின்றதில்லை. பழி முழுவதையும் கடல் கடந்து வந்த தென்னிந்திய அலுவலர்மேற் சுமத்தி, அவர்களை அனுப்பியவரைத் தப்பவிடுகின்றது. இக்குறையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

திருகோணமலையும் யாழ்ப்பாணமும் 1795 இல் வீழ்ந்தன. 1796 பெப்ரவரியிற் கொழும்பும் ஆங்கிலேயர் வசமாயிற்று. ஒல்லாந்தர் ஆண்ட கரையோர மாகாணங்கள் கிழக்கிந்தியக் கம்பனியின் சென்னை அரசாங்கத்தின்கீழ் வந்தன. போர் முடிந்து உடன்படிக்கை எழுதப்படுங்கால் இந்நிலம் ஒல்லாந்தருக்கே மீளக் கொடுக்கப்படலாம் என்ற ஐயம் அந்நாளில் நிலவிற்று. நாளை கைவிட நேரும் தோட்டத்தில் இன்று கன்று நடுவார் யார்? படையெடுப்பின் செலவை விரைந்து மீட்பதே ஆள்வோரின் முதற் கருத்தாயிற்று. சென்னைச் சிவில் சேவையைச் சேர்ந்த றொபேட் அன்ட்றூஸ் வருமானத்துக்குப் பொறுப்பாக அமர்த்தப்பட்டார். அவர்கீழ்ச் சென்னை மாகாணத்து வரிமுறையிற் பழகிய அமில்தார்கள் வந்து சேர்ந்தனர்.

அதுவரை ஊராட்சி முதலியார்கள் கையில் இருந்தது. அரசுக்குச் செய்யும் ஊழியத்துக்குக் கைம்மாறாக நிலம் பெறுவது இந்நாட்டு வழக்கம். முதலியார் வரி திரட்டுபவர் மாத்திரமல்லர். வழக்குத் தீர்ப்பவரும், ஊழியத்துக்கு ஆள் சேர்ப்பவரும், ஊரார் குறையை மேலிடத்துக்கு எடுத்துரைப்பவரும் அவரே. புதிய ஆட்சி அவரை விலக்கிற்று. இராசகாரிய ஊழியத்தை ஒழித்தது. ஊழியத்துக்காக விடப்பட்ட நிலங்களின் விளைவிற் பங்கு கேட்டது. தென்னை மரத்துக்குத் தனி வரி விதித்தது. வரி வசூலிக்கும் உரிமை குத்தகைக்கும் விடப்பட்டது.

ஏட்டளவில் நோக்கின் இவற்றுட் சில சீர்திருத்தங்களே. கட்டாய ஊழியம் ஒழிவதை வெறுப்பார் யார்? ஆனால், ஊழியத்தின் கூலியாக நிலத்தைக் கருதிய குடியானவனுக்கு, அந்நிலத்தின்மேல் விழுந்த வரி தன் கூலியைப் பறிப்பதாகவே தோன்றிற்று. ஒரு தோட்டத்து மரங்கள் உறவினர் பலருக்குப் பங்காக உரியனவாதல் கரையோர வழக்கு. அத்தோட்டத்தில் மரத்தை எண்ணி, காசு அரிதாகப் புழங்கிய சிற்றூரிற் காசாகக் கேட்டால், கொடுப்பவர் யார்? இவ்வினாவுக்குச் சென்னைக் கணக்கேட்டில் விடையில்லை. விடை தெரிந்த முதலியாரோ வெளியே நிறுத்தப்பட்டிருந்தார்; கிளர்ச்சி மூண்டபோது அதன் தலைமையிலும் அவர்கள் நின்றனர். மனக்குறையுற்ற ஒல்லாந்தரின் தூண்டுதலும் அதற்குண்டு என்பர். அது நெருப்பை ஊதியிருக்கலாம். விறகை அடுக்கியது ஆட்சியே.

1797 இல் டி மியூரன் தலைமையில் விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. அதன் முடிவின்படி தென்னை வரி நீங்கிற்று, அமில்தார்கள் திருப்பியனுப்பப்பட்டனர், முதலியார்கள் மீண்டனர். 1798 இல் பிரெட்றிக் நோர்த் தேசாதிபதியாக வந்தார். 1802 இல் கரையோரம் முடிக்குரிய குடியேற்ற நாடாயிற்று.

இங்கு ஒரு தடை எழலாம். அமில்தார்கள் தம் தொழிலிற் பழகியவரே. அன்ட்றூஸ் 1795 இற் கண்டிக்குத் தூது சென்றவர். இவர்களை அனுபவமற்றவர் எனல் பொருந்துமோ? பொருந்தும். ஓரிடத்துப் பயின்ற அனுபவம் பிறிதோரிடத்தில் அறியாமையாக மாறுவதுண்டு. அறியாமையைத் தெரிந்தவன் பிறரைக் கேட்பான். அனுபவத்தைச் சுமந்து வந்தவன் கேளான். அன்றியும், இவர்கள் கணக்குக் காட்ட வேண்டியது சென்னைக்கு. வரி கொடுத்த ஊருக்கன்று. தெரிவின் பிழை இவ்விடத்தேதான் உள்ளது.

இருநூறு ஆண்டுகள் கழித்தும் உலகம் இப்பாடத்தைப் படித்ததாகத் தெரியவில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், கைப்பற்றப்படும் நாடுகளை ஆளுதற்கென்றே 1942 இல் அமெரிக்கா வேர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தில் அலுவலர் பயிற்சிப் பள்ளி நடத்திற்று. அதே நாடு 2003 இற் பக்தாத்தைக் கைப்பற்றியபோது, ஆளச் சென்றவருட் பலர் கட்சிச் சார்பு நோக்கித் தெரியப்பட்டோர். நிதித்துறை அறியாத இருபத்து நான்கு வயது இளைஞர் ஒருவரிடம் பங்குச் சந்தை ஒப்படைக்கப்பட்டது. போல் பிறெமர் வந்த மாதத்திலேயே ஈராக்கின் படை கலைக்கப்பட்டது. ஆயுதம் பழகிய பெருங்கூட்டம் பிழைப்பின்றித் தெருவில் நின்றது. அந்நாடு கொடுத்த விலையை யாவரும் அறிவர். முதலியாரை விலக்கிய கையும் படையைக் கலைத்த கையும் ஒரே அறியாமையின் கைகள்.

மலைநாட்டில் வாழும் நமக்கு இது தொலைநாட்டுச் செய்தியன்று. 1972 இலும் 1975 இலும் நிலச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. அந்நியரின் உடைமை நாட்டுக்கு மீண்டமை நியாயமே. ஆனால், அரசியற் செல்வாக்கினால் அமர்த்தப்பட்டோர் பல தோட்டங்களில் அதிகாரம் பெற்றனர். கொழுந்தின் பருவமும் கவ்வாத்தின் காலமும் அறிந்த தொழிலாளரிடம் எவரும் யோசனை கேட்கவில்லை. வேலையும் உணவும் குன்றவே, அக்காலத்தில் நம்மவர் பலர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் பெயர்ந்தனர்.

இதைப் படிக்கும் மாணவருட் சிலர் நாளை கந்தோரிலோ பாடசாலையிலோ தோட்டத்திலோ பிறரை ஆளும் பொறுப்பை ஏற்பர். நியமனக் கடிதம் பதவியைத் தரும். இடத்தைப் பற்றிய அறிவைத் தாராது. அவ்வறிவு அங்கு முன்னரே வாழ்பவரிடம் உள்ளது. அதைக் கேட்டுப் பெறும் பணிவுடையானே வினைக்குரியான்.